பிரசங்கத்தில் செத்துப்போனவர்

அந்தக் கூட்டத்தில் நான் இல்லை, பிரதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அந்தக் கதையை யாரோ சொல்லிக் கேட்டீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். எங்கள் பெரியப்பா மகனின் மனைவி, எஸ்கலின் மைனி, கன்வென்ஷனில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து எனக்குச் சொன்னாள். மைனி எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். அந்தக் கூட்டலைக் கழித்துவிட்டுத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நான் எந்த ஊர் என்று கேட்டீர்கள். பெராக்காபுரம் என்றேன். உடனே, "அந்தப் பிடியரிசி விதவையோட ஊரா?" என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகைக்குப் பிரசங்கம் பண்ணப் போகிறேன், அந்தச் சாட்சியைத்தான் சொல்லப் போகிறேன் என்றீர்கள். இறையியல் படிக்கிறவர், பைபிளை மடியில் வைத்திருக்கிறவர். அதனால்தான் சொல்கிறேன். இல்லாவிட்டால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் வீட்டு விஷயம் பேசுகிற ஆள் இல்லை நான்.

அந்த விதவை என் அம்மா. பெயர் ஞானப்பூ. அவள் விதவை இல்லை.

என் அப்பா உயிரோடு இருக்கிறார். பெயர் மாசிலாமணி. இன்று காலையில்கூட என் பையை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டுப் போனார். நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் பார்த்திருப்பீர்கள்.

இல்லை, நான் கோபமாக இல்லை. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சரி, கோபமாகத்தான் இருக்கிறேன். உங்கள் மேல் இல்லை.

கன்வென்ஷன் பிரசங்கியார் ஆசீர் தனராஜ் ஐயா அதை எப்படிச் சொல்கிறார் என்று நீங்களே சொன்னீர்கள். தாது வருஷப் பஞ்சத்தில் ஆரம்பிக்கிறார். பஞ்சத்திலும் பிடியரிசி எடுத்து வைத்த அந்தக் காலத்துப் பெண்களைச் சொல்கிறார். அங்கிருந்து சாறிபாத் ஊர் விதவைக்குப் போகிறார். பானையில் கடைசி மாவு, எலியா வந்து முதல் அடை எனக்கு என்று கேட்டது, மாவு தீராமல் இருந்தது. அங்கிருந்து நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். 'நம்முடைய நாட்களிலும் ஒரு சாறிபாத் விதவை இருக்கிறாள். தேரிக்காட்டில் ஒரு சின்ன ஊர். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனிச் சட்டியில் போடுவாள். ஒருநாள் வீட்டில் இருந்ததே ஒரு பிடிதான். அதையும் கர்த்தர் சட்டியில் போட்டாள். கைக்குழந்தை சிரித்தது. மறுநாள் விடியற்காலம் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மூட்டை அரிசி. யார் வைத்தார்கள்? யாருக்கும் தெரியாது. அந்தக் குழந்தை இன்றைக்கு டிகிரி முடித்து உப்புக் கம்பெனி லேபில் வேலை பார்க்கிறது.'

அந்தக் குழந்தை நான்தான். கைக்குழந்தை இல்லை, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். சிரிக்கவும் இல்லை. அந்தச் சட்டியைக் காலால் உதைத்தேன். அம்மா என்னை அடிக்கவில்லை. சிதறினதைப் பொறுக்கித் திரும்பவும் சட்டியில் போட்டுவிட்டு, "அது நம்மளுது இல்லட்டி" என்றாள். அவ்வளவுதான்.

அந்த மூட்டையை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாதாம்! எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். என் அப்பா வைத்தார்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது, பிரதர். பாத்தி எல்லாம் வெள்ளமாகக் கிடக்கும். உப்பு அள்ளுகிற எல்லார் வீட்டிலும் அப்போது பசிதான். அந்த வருஷம் அப்பா ஆற்றங்கரைப் பக்கம் ஒரு அரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார். கூலியாக அரிசியே தாருங்கள் என்று கேட்டு, ஒரு மூட்டை குருணை வாங்கினார். அரிசிகூட இல்லை, குருணை. அதை அத்தனை தூரத்திலிருந்து தோளில் சுமந்து கொண்டுவந்தார். விடியற்காலம் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, எங்களை எழுப்பாமல், திரும்பவும் மில்லுக்கே போய்விட்டார். அங்கே லாரி நின்றுகொண்டிருந்தது. பாரம் ஏற்ற ஆள் வேண்டும். சைக்கிளும் இருந்தது, மில் சைக்கிள். தேரி மணலில் சைக்கிள் உருளாது, உங்களுக்கே தெரியும். அது முக்கியமில்லை.

அம்மா கதவைத் திறந்து மூட்டையைப் பார்த்து, "ஆண்டவரே" என்று கத்தினாள். தெருவே ஓடி வந்தது. இரண்டு நாள் கழித்து அப்பா வந்து, "எம்புட்டு நாளைக்கு வரும்?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. தெரிந்த பிறகும் அம்மா மாற்றிச் சொல்லவில்லை. ஆண்டவர்தான் தந்தார், அப்பா கொண்டுவந்தார் என்றாள். நானும் அப்படித்தான் விசுவாசிக்கிறேன். அதில் எனக்குச் சண்டை இல்லை.

அப்படியானால் அப்பா எப்போது செத்தார்?

அம்மாவிடம்தான் முதலில் கேட்டேன். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் அவள்தான் இந்தச் சாட்சியைச் சொல்லியிருக்கிறாள். அங்கே ஆளுக்கு இத்தனை நிமிஷம் என்று வைத்து, மேஜையில் ஒரு மணியை அடிப்பார்கள்.

"கதவத் தொறந்தேன், மூட்ட இருந்துச்சி. அது வரைக்கும் சொன்னேன். மணிய அடிச்சிட்டாவ."

"மீதியச் சொல்லலியா?"

"மீதி என்னத்துக்கு? அப்பா கொண்டாந்தாவன்னு எல்லாருக்கும் தெரியும்லா."

"அங்க வந்திருந்தது எட்டு ஊரு சபை. எல்லாருக்கும் எப்பிடித் தெரியும்?"

"ஏட்டி, ஆண்டவருக்காகத்தான சொன்னேன். ஒனக்கு எதுக்கு இந்தக் கோவம்?"

அந்த எட்டு ஊரில் யாரோ ஒருவர் ஆசீர் தனராஜ் ஐயாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் கையில் போய்ச் சேரும்போது அப்பா இல்லை.

மைனி சொன்ன உடனே நான் அப்பாவிடம் சொல்லவில்லை. மறைத்தேன் என்று இல்லை. சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டில் அவருடைய அத்தைதான் பேசினார். மிக்சர், பூந்தி, காபி எல்லாம் ஆனது. அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்த அத்தை என்னிடம், "என்ன வேல பாக்கம்மா?" என்றார். உப்புக் கம்பெனி லேப் என்றேன். அவர் அப்படியே கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்பம் அந்தப் பிடியரிசி அம்மா நீங்களா? ஆசீர் தனராஜ் ஐயா கன்வென்ஷன்ல சொன்னாவளே!"

அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு, "நாந்தான்" என்றாள். அத்தை எழுந்து வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். உண்மையாகவே அழுதார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்த என் அப்பாவைப் பார்த்தார்.

"அப்பம் இவிய யாரு?"

பிரதர், அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விதவை வீட்டில் இந்த ஆண் யார் என்று கேட்டார். என் அம்மாவின் முகத்தைப் பார்த்து, என் முன்னால் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருதான்" என்றாள் அம்மா.

"இல்லியே, அவிய கர்த்தருக்குள்ள போயிட்டாவன்னுல்லா ஐயா சொன்னாவ?"

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று என் முகத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் மாப்பிள்ளையின் அத்தையிடம், ரொம்ப மரியாதையாக, "அடக்கத்துக்கு யாரெல்லாம் வந்தாவளாம்?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. உண்மையாகவே இல்லை. அந்த மாப்பிள்ளை நல்ல மாதிரிதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சிரித்தது ஒன்றும் கேலிச் சிரிப்பு இல்லை. அதை விடுங்கள்.

அடுத்த ஞாயிறு அப்பா கோவிலுக்கு வரவில்லை. ஆண்கள் பக்கத்தில், தூணுக்குப் பக்கத்துப் பெஞ்சின் ஓரம் அவர் இடம். எனக்கு நினைவு தெரிந்து அந்த இடம் காலியாக இருந்ததில்லை. காய்ச்சலோடுகூட வந்து உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்குக் காலியாக இருந்தது. அதற்கடுத்த வாரமும். கேட்டால், "செத்தவனுக்கு எதுக்கு ஆராதன?" என்று சிரிப்பார். சிரித்துவிட்டுப் போய் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார். கழுவின மண்வெட்டியையே கழுவுவார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பா அந்தப் பெஞ்சில் திரும்ப வந்து உட்கார வேண்டும். அதற்கு, கொன்றவரே வந்து உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். அது நியாயமா இல்லையா, சொல்லுங்கள்.

ஆசீர் தனராஜ் ஐயா வீட்டுக்குப் போனேன். என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பெரிய ஆட்களிடம் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். எந்த ஆபீசிலும் எந்த வீட்டிலும் போய் நின்று ஒன்றைக் கேட்ட ஆள் எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

அவர் கெட்டவர் இல்லை, பிரதர். அதையும் சொல்லிவிட வேண்டும். அவரே காபி போட்டுக் கொண்டுவந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"சிஸ்டர், அந்தச் சாட்சியில புருஷன் எங்கயுமே வரல. அதனால இல்லைன்னு நெனச்சிட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஐயா."

"கேட்டிருக்கலாம். ஆனா சிஸ்டர், அது முக்கியமில்ல. எலியாவுக்கு அப்பம் கொண்டுவந்த காகம் எந்த மரத்துக் காகம்னு யாராவது கேக்கறாங்களா?"

"என் அப்பா காகம் இல்ல ஐயா."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு நாத்தானைச் சொன்னார். நாத்தான் தாவீது ராஜாவிடம் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னாரே, அப்படி ஓர் ஆட்டுக்குட்டி எங்கேயாவது இருந்ததா, ஆனாலும் அந்தக் கதை சத்தியம்தானே என்றார். அதற்குப் பதில் எனக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் வந்தது. நாத்தான் இல்லாத ஏழையைச் சொன்னார். இருக்கிற ஏழையை எடுத்து அவன் குடும்பத்தில் ஒருவனைச் சாகடிக்கவில்லை. அதுவும் தப்புப் பண்ணின ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னார். நீங்கள் என் அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பீர்களா? இப்படிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வந்த பதில் எல்லாம் எனக்கு பஸ்ஸில்தான் வரும்.

அங்கே நான் கேட்டது இவ்வளவுதான்: "அடுத்த கூட்டத்துல, மூட்டையக் கொண்டுவந்தது புருஷன்தான்னு சொல்லுங்க ஐயா. ஆண்டவர் அவர் மூலமாத்தான் தந்தாருன்னு சொல்லுங்க. போதும்."

அவர் யோசித்தார். பிறகு, ஏமாற்றாமல், மனதில் இருந்ததையே சொன்னார்.

"புருஷன் வீட்டுக்கு அரிசி கொண்டுவர்றதுல என்ன சாட்சி இருக்கு சிஸ்டர்?"

என்ன சாட்சி இருக்கு! பிரதர், எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். மழைக்காலத்தில் எத்தனை வீட்டில் ஆண்பிள்ளைகள் வீட்டை விட்டுப் போய் வெயில் வந்த பிறகு திரும்பி வந்தார்கள் என்று கேளுங்கள். ஒரு மனிதன் கூலியைக் காசாக வாங்கினால் வழியில் செலவாகிவிடும் என்று பயந்து அரிசியாக வாங்குகிறான், சுமக்கிறான், வைக்கிறான், நன்றி வாங்கக்கூட நிற்காமல் போகிறான். இதில் சாட்சி இல்லையாம். யார் வைத்தார்கள் என்று தெரியாவிட்டால்தான் சாட்சியாம். தூதன் வைத்தால் அற்புதம், மாசிலாமணி வைத்தால் ஒன்றும் இல்லை!

யோசேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மரியாளையும் பிள்ளையையும் எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போனது யார்? அவர் பேசின ஒரு வார்த்தைகூட வேதத்தில் இல்லை. நான் தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் சுவிசேஷம் எழுதின ஒருவர்கூட மரியாளை விதவை ஆக்கிவிட்டுக் கதை சொல்லவில்லையே! நான் தப்பாகச் சொன்னால் திருத்துங்கள். நீங்கள் படிக்கிறவர்.

அவர் மாற்றிச் சொன்னார். அதைத்தான் சொல்ல வந்தேன். நான் போய்க் கேட்டதற்காக மாற்றிச் சொன்னார். இந்த முறை யாரும் சொல்லிக் கேட்கவில்லை. போனில் வந்த பிரசங்கத்தை நானே என் காதால் கேட்டேன். 'அந்தப் பெண்ணின் புருஷன் மரித்தவனைப் போல இருந்தான். குடித்துவிட்டு வீட்டை மறந்து ஊர் ஊராக அலைந்தான். அந்தப் பிடியரிசியின் ஜெபம் அவனைத் தேடிப் போய்ப் பிடித்தது. ஒருநாள் அவன் தோளில் மூட்டையோடு திரும்பி வந்தான்.'

என் அப்பா வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை, பிரதர். ஒரு சொட்டு.

இந்தத் தடவை அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீக்கடையில் எல்லார் போனிலும் ஓடிவிட்டது. "என்ன வே மாசிலாமணி, எங்களுக்கெல்லாம் தெரியாம எங்க போயி குடிச்சீரு? நம்மளையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா" என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "மொதல்ல கொன்னாரு. இப்பம் எழுப்பிட்டாரு. எழுப்புனவரு சாராயக் கடைக்குள்ளல்லா எழுப்பியிருக்காரு. செத்தவனாவே இருந்திருக்கலாம்" என்றார். அம்மா சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் சிரிக்காத ஒரே ஆள் நான்தான். நான் ஒருத்தி கோபப்படாவிட்டால் வேறு யார் கோபப்படுவார்கள்?

அதனால் எங்கள் கோவில் அறுப்பின் பண்டிகையில் நானே எழுந்தேன். சாட்சி சொல்லுகிறவர்கள் சொல்லலாம் என்று எங்கள் பாதிரி ஐயர் சொன்னார். அன்றைக்கு அப்பாவை நான்தான் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை. தூணுக்குப் பக்கத்தில், அவர் இடத்தில், உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நாக்கு ஒட்டவில்லை. மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். பசியைச் சொன்னேன், சட்டியை உதைத்ததைச் சொன்னேன், குருணையைச் சொன்னேன். "எங்க அப்பா உயிரோட இருக்காங்க, அதோ அந்தத் தூண் பக்கத்துல இருக்காங்க, குடிக்காதவங்க, அந்த மூட்டையத் தோள்ல சுமந்தவங்க" என்று கையை நீட்டிக் காட்டினேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் அழுகை. ஐயரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

உணர்ச்சிவசப்பட்டுப் போகிறார் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்தபோது அப்பா சட்டையை மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அவரு எம் மேல ரெண்டு தடவ ஏறுனது போதாதுன்னு நீயும் ஏறிட்டியாட்டி?"

"ஒங்களுக்காகத்தானப்பா பேசினேன்."

"அவருகிட்ட கேட்டாலும் ஆண்டவருக்காகத்தான் பேசுனேம்பாரு. நான் சுமந்தத நான் யாருட்டயாவது சொன்னனா? நீயும் இனிமே யாருட்டயும் சொல்லாத."

அதோடு முடித்துவிட்டார். எங்கள் கோவிலுக்கு அவர் வருவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு சின்னக் கோவிலுக்குப் போகிறார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. பின்னால் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் சொன்னதும் எழுந்து வந்துவிடுகிறார். தூணுக்குப் பக்கத்து இடத்தில் இப்போது வேறு யாரோ உட்காருகிறார்கள். இதற்கெல்லாம் காரணம் யார்? ஒரே ஆள்தான். அவர் அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவும் இல்லை.

அதனால் பிரதர், உங்கள் பிரசங்கத்தில் சரியாகச் சொல்லுங்கள். பேனா இருக்கிறதா? மாசிலாமணி. பெயரையும் சொல்லுங்கள், ஊரையும் சொல்லுங்கள். அப்போதுதான் ஜனங்கள் நம்புவார்கள். குருணை என்று சொல்ல மறந்துவிடாதீர்கள், அது மனதில் பிடிக்கும். தோளில் என்று சொல்லுங்கள். யோசேப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை நான் உங்களுக்குத் தருகிறேன்.

ஏரல் வந்துவிட்டது. நீங்கள் இறங்க வேண்டும் அல்லவா? ஒரு நிமிஷம். இன்னும் ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை மறைத்தால் நானும் பாதியில் மணி அடித்தவள் ஆகிவிடுவேன்.

ஆசீர் தனராஜ் ஐயா ஒவ்வொரு கூட்டத்தையும், 'நான் ஒரு விதவையின் மகன்' என்றுதான் ஆரம்பிப்பார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஊரில் இருக்கிறவனைச் சாகடிக்கிறவர், அதுவும் கதையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பொய் என்று தெரிந்தால் எல்லாருக்கும் சொல்லலாம் என்று போன மாதம் அவர் பிறந்த ஊருக்கே போனேன். பொய் இல்லை. அவர் தொட்டிலில் இருக்கும்போதே, கிணறு வெட்டப் போன அவர் அப்பா மண் சரிந்து செத்துவிட்டார். அவர் அம்மாவும் உலை வைக்கும்போதெல்லாம் பிடியரிசி எடுத்து வைத்தவள்தான். அவர்கள் வாசலிலும் எப்போதாவது மூட்டை வந்ததா என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்து, "யாரு கொண்டாருவா?" என்றார்.

வரவில்லை, பிரதர். எதிர்த்த வீட்டிலும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒரு மூட்டையும் வரவில்லை.